மேலே 31 ஏரிகள், கீழே ஒரே மடுவு: பள்ளிக்கரணை சதுப்புநிலம் – ஒரு நிகழ்வு ஆய்வு

தென்சென்னையிலும் அதையொட்டிய புறநகரிலும் ஒரு நாளில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் மாதத்தில் அது பெரிய மழையே இல்லை. பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குத் தண்ணீர் தரும் வடிநிலப் பரப்பு சுமார் 250 சதுர கிலோமீட்டர். பெய்ததில் பாதி மண்ணில் இறங்கிவிட்டது, ஏரிகளில் தங்கிவிட்டது என்று தாராளமாகக் கழித்துக்கொண்டாலும் மீதி 1,250 கோடி லிட்டர் தண்ணீர் சரிவைப் பார்த்து ஓடிவரும்.

1960-களில் இந்தச் சதுப்பு 5,000 ஹெக்டேருக்குக் குறையாமல் விரிந்து கிடந்தது. அந்தப் பரப்பில் மேற்படி தண்ணீர் முழுவதும் வந்து நின்றாலும் மட்டம் 25 சென்டிமீட்டர்தான் உயரும், கெண்டைக்கால் அளவு. இன்று சதுப்பாக எஞ்சியிருப்பது 700 ஹெக்டேர் சொச்சம். அதே தண்ணீர் அங்கே நின்றால் 1.8 மீட்டர், ஆள் மூழ்கும் ஆழம். வெளியேறும் நீரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் வெளியேறும் வழியின் லட்சணத்தைப் பின்னால் பார்த்தால், சேர்த்தாலும் பெரிதாக மாறிவிடாது என்பது புரியும்.

ஆள் மூழ்கும் ஆழத்துக்குச் சதுப்பில் கரை கிடையாது. எனவே தண்ணீர் அங்கே நிற்காது. பக்கத்தில் இருக்கும் ராம் நகர், மடிப்பாக்கம், பெரும்பாக்கம் தெருக்களில் போய் நிற்கும். வேளச்சேரிவாசிகள் மழை அறிவிப்பு வந்ததும் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவதற்கான காரணம் மொத்தமும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

ஏரி வேறு, கழுவெளி வேறு

ஏரி என்றால் கரை உண்டு, மதகு உண்டு, நிறைந்தால் வழிய கலங்கல் உண்டு. வருவாய்த் துறைக்கும் அதை அடையாளம் காணத் தெரியும், ஊராருக்கும் தெரியும். பள்ளிக்கரணை அப்படிப்பட்டதல்ல. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய ஐந்து மீட்டர் உயரத்திலேயே கிடக்கும் தட்டையான தாழ்நிலம். மழைக்காலத்தில் நீர் பரவும், கோடையில் சுருங்கும். எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று கையைக் காட்டிச் சொல்ல முடியாது. பழைய கிராமக் கணக்குகள் இதைக் கழுவெளிப் புறம்போக்கு என்று குறித்தன. வேறு சில புல எண்கள் மேய்க்கால் என்றும் தரிசு என்றும் பதிவாயின.

இந்தக் கழுவெளிக்கு மேலே ஏரிகள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. செம்பாக்கம் ஏரி நிறைந்தால் நன்மங்கலத்துக்கு, அங்கிருந்து கீழ்க்கட்டளைக்கு, அங்கிருந்து நாராயணபுரத்துக்கு, கடைசியில் பள்ளிக்கரணைக்கு. இது ஒரு சரம். வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கமிருந்து இன்னொன்று, சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், பெரும்பாக்கம் வழியாக மற்றொன்று. இப்படி 31 நீர்நிலைகளின் உபரி நீர் இங்கே வந்து சேர்கிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பாசனத்துக்கு வெட்டிய ஏரிகள் அவை. ஒவ்வொன்றின் கலங்கலிலிருந்தும் அடுத்த ஏரிக்கு ஒரு வரத்துக்கால்வாய் போகும். மழை ஒரே நேரத்தில் கொட்டினாலும் தண்ணீர் ஒரே நேரத்தில் கீழே வராது. ஏரிக்கு ஏரி தங்கித் தங்கி, நாள்கணக்கில் இறங்கும்.

வெளியேறும் வழி மட்டும் ஒன்றே ஒன்று: ஒக்கியம் மடுவு என்ற வடிகால். பழைய மகாபலிபுரம் சாலைக்கு அடியில் புகுந்து, பக்கிங்ஹாம் கால்வாயில் கலந்து, தெற்கே முட்டுக்காடு வரை போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. நிலம் தட்டையாக இருப்பதால் ஓட்டம் மெதுவாகத்தான் இருக்கும். கடல் ஏற்றத்தின்போது கால்வாயே எதிர்த்து நிற்கும். முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். பாத்திரம் பெரிதாகவும் குழாய் சிறிதாகவும் இருந்தவரை இந்த ஏற்பாட்டில் குறையே தெரியவில்லை, ஏனென்றால் மாதக்கணக்கில் வடிவதற்கு இடம் இருந்தது. நாம் பாத்திரத்தைச் சுருக்கினோம், குழாயையும் அடைத்தோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் நிலம் மழை வரும் வரை காலியாகக் கிடந்தாக வேண்டும். ஏப்ரல் மாதம் ஒரு அதிகாரி வந்து பார்த்தால் வெடித்த மண்ணும் கோரைப்புல்லும் எருமைகளும்தான் தெரியும். 'சும்மா கிடக்கிற இடம்' என்று அவர் கோப்பில் எழுதிவிட்டுப் போவார். பள்ளிக்கரணையை அழித்த நாச வேலைகளில் பெரும்பாலானவை ஊழலில் தொடங்கவில்லை, இப்படிப்பட்ட கோடைக்காலப் பார்வையில்தான் தொடங்கின என்பது என் எண்ணம். ஊழல் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

ஆளுக்கொரு துண்டு

1980-களின் பிற்பகுதியில் மாநகராட்சி பெருங்குடியில் குப்பை கொட்டத் தொடங்கியது. வடசென்னைக் குப்பைக்குக் கொடுங்கையூர், தென்சென்னைக் குப்பைக்குப் பெருங்குடி என்று பிரித்துக்கொண்டார்கள். சதுப்பின் உடலிலேயே இருநூறு ஏக்கருக்கு மேல் குப்பைமேடாயிற்று. அதன் கசிவுநீர் போய்ச் சேர வேறு இடமில்லை, சதுப்புக்குள்தான். பக்கத்திலேயே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். 1990-களில் ஆராய்ச்சி நிறுவன வளாகங்கள் வந்தன. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் அவற்றில் ஒன்று. கடலை ஆராயும் நிறுவனத்துக்குக் கழுவெளியில் இடம் ஒதுக்கிய முரண்பாட்டை யாரும் அப்போது பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை.

2000-க்குப் பிறகு வேகம் பிடித்தது. தரமணியில் டைடல் பார்க், அதைத் தொடர்ந்து பழைய மகாபலிபுரம் சாலை நெடுக மென்பொருள் நிறுவனங்கள், 2007-ல் வேளச்சேரி வரை பறக்கும் ரயில், 2008-ல் ஆறுவழி ஐ.டி. சாலை. பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் 200 அடி ரேடியல் சாலை இவற்றிலெல்லாம் மோசமானது என்பேன். அது பல்லாவரம் பெரிய ஏரி, கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று வழியிலிருந்த ஏரிகளைக் கீறிக்கொண்டு வந்து, கடைசியில் சதுப்பையும் குறுக்காக இரண்டாக வெட்டியது. பரந்து நகர்ந்த நீர் அதன் பிறகு சாலைக்கடியில் இருக்கும் சிறுபாலங்களின் கண்கள் வழியாக மட்டுமே நகர வேண்டியதாயிற்று. மழை விட்ட மறுநாள் அந்தச் சாலையோரம் நின்று பார்த்தால் போதும். ஒரு பக்கம் நீர் தளும்பும், மறுபக்கம் இறங்கியிருக்கும். கண்களின் வாயில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் பந்தாகச் சுருண்டு அடைத்திருக்கும்.

வசதியானவர்களின் அடுக்ககங்கள் மட்டும்தான் இங்கே வந்தன என்று நினைத்தால் பாதிக் கதைதான் தெரியும். நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடிசைவாசிகளை அரசு கொண்டுவந்து குடியேற்றியதும் இந்தத் தாழ்நிலத்தைச் சுற்றித்தான்: ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். கூவத்தின் கரையில் இருந்தால் வெள்ளம் வரும் என்று சொல்லி அழைத்துவந்து இறக்கிவிட்ட இடத்தில் இடுப்பளவு தண்ணீர். 'ஆக்கிரமிப்பு' என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் சொல் இங்கே யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். பெரிய துண்டுகளை எடுத்துக்கொண்டது அரசுத் துறைகளே.

மேலே ஏரிகளிலும் இதே கதை. வேளச்சேரி ஏரி ஒரு காலத்தில் சுமார் 265 ஏக்கர், இன்று ஏறக்குறைய 55. வீட்டுவசதிக்கும் குடிசைமாற்றுக்கும் சாலைக்கும் அரசே எடுத்துக் கொடுத்தது போக மிஞ்சியது அது. ஏரி சுருங்கினால் தங்கி வரும் தண்ணீர் தங்காமல் வரும். வரத்துக்கால்வாய் மூடப்பட்டால் தெரு வழியாக வரும். சதுப்பைப் பற்றி எழுதும் செய்திகள் சதுப்பிலேயே நின்றுவிடுவதால் இந்த மேல்பாதி கண்ணில் படாமலேயே போகிறது.

காகிதத்தில் வளர்ந்த சதுப்பு

பாதுகாப்பு முயற்சியே நடக்கவில்லை என்று சொல்வது அநியாயம். 1980-களின் நடுவிலேயே மத்திய அரசின் ஈரநிலப் பாதுகாப்புத் திட்டப் பட்டியலில் பள்ளிக்கரணை இடம்பெற்றது. தமிழகத்திலிருந்து அதில் இருந்தவை மூன்றே மூன்று. மற்ற இரண்டு கோடியக்கரையும் விழுப்புரம் பக்கத்துக் கழுவேலியும். குப்பை கொட்டத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலம் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

2000-களின் தொடக்கத்தில் கேர் எர்த் அறக்கட்டளையின் ஜெயஸ்ரீ வெங்கடேசனும் அவருடைய குழுவினரும் இங்கே முறையாகக் கணக்கெடுத்தார்கள். அதுவரை 'சாக்கடைக் குட்டை' என்று கோப்புகளில் கிடந்த இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பறவையினங்கள், நாற்பத்துச் சொச்சம் மீனினங்கள், இன்னும் ஊர்வன, நீர்நில வாழ்வன என்று பட்டியல் நீண்டது. உள்ளூர்க் குடியிருப்போர் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. விளைவு, 2007 ஏப்ரலில் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பின்னர் வனத் துறையின் வசம் வந்த பரப்பு ஏறக்குறைய 700 ஹெக்டேர் ஆனது. 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சார் தகுதி கிடைத்தது, பரப்பு 1,247.54 ஹெக்டேர். 2025-ல் ஈரநிலங்களின் முறையான பயன்பாட்டுக்கான ராம்சார் விருது ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்குக் கிடைத்தது. இந்தியாவிலிருந்து அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான்.

317, 700, 1,247. காகிதத்தில் சதுப்பு வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது, தரையில் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. இரண்டும் ஒரே காலத்தில் எப்படி நடக்கும்? கோட்டுக்குள் இருப்பது காக்கப்பட்டது, கோட்டுக்கு வெளியே இருந்தது கைவிடப்பட்டது, அவ்வளவுதான். வனத் துறையின் வேலிக்குள் ஒரு செங்கல் வைக்க முடியாது. வேலிக்கு அடுத்த புல எண்ணில் இருபது மாடி எழும்பலாம். தண்ணீருக்கோ வேலி எங்கே இருக்கிறது என்று தெரியாது.

நிர்வாகத்தைப் பார்த்தாலும் இதே துண்டாடல்தான். சதுப்பு வனத் துறையிடம், ஏரிகள் நீர்வளத் துறையிடமும் உள்ளாட்சிகளிடமும், மழைநீர் வடிகாலும் குப்பைமேடும் மாநகராட்சியிடம், சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், பட்டா வருவாய்த் துறையிடம், கட்டட அனுமதி சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.). இந்த 250 சதுர கிலோமீட்டரை ஒரே வரைபடமாக மேசையில் விரித்து வைத்துப் பொறுப்பேற்க ஒரு நாற்காலி கிடையாது.

தண்ணீர் திருப்பிச் சொன்னது

2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். நமது வடிநிலம் முழுவதும் அதே அளவு பெய்திருந்தால் விழுந்த தண்ணீர் 4.3 டி.எம்.சி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான். அந்த ஆண்டு செம்பரம்பாக்கம் திறப்பைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு, அரசியலும் அதைச் சுற்றியே நடந்தது. அடையாற்றங்கரைக்கு அது சரி. வேளச்சேரியையும் மடிப்பாக்கத்தையும் மூழ்கடித்த தண்ணீருக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் தொடர்பில்லை. அது இந்தப் படுகையிலேயே பெய்து, இந்தப் படுகையிலேயே இடமில்லாமல் நின்ற தண்ணீர். பழி தவறான முகவரிக்குப் போனதால் பாடமும் கற்கப்படவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணை அடுக்ககம் ஒன்றின் வாசலிலிருந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போன காணொளியை எல்லோரும் பார்த்திருப்போம். தேங்கிய தண்ணீரில் கார் அப்படிப் போகாது. அது ஓட்டம் எடுத்த நீர். மேலே ஏரி, கீழே சதுப்பு, நடுவே அதன் பழைய பாதையில் குடியிருப்பு. பல தெருக்களில் மின்சாரமும் பாலும் இல்லாமல் நாள்கணக்கில் படகுக்குக் காத்திருந்தார்கள்.

வெள்ளத்துக்கு நடுவே ஒரு வறட்சியும் வந்துபோனது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் வந்து இறங்கியதைப் படம் பிடித்துக் கொண்டாடினோம். நமது பத்து சென்டிமீட்டர் மழையில் சதுப்பை நோக்கி ஓடிவந்த 1,250 கோடி லிட்டரில் அது ஐயாயிரத்தில் ஒரு பங்கு. ஐ.டி. சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் டேங்கர் லாரியை நம்பித்தான் அன்றும் இருந்தன, இன்றும் பெரும்பாலும் அப்படியே. நிலத்தடியில் நன்னீர் குறையக் குறைய கடல் உப்பு உள்ளே நகர்வது கரையோரத்தின் இயல்பு. ஆழ்துளைக் குழாயில் வரும் உப்புத்தண்ணீரில் துவைத்துப் பழகிவிட்ட குடும்பங்களிடம் 'சதுப்பின் பொருளாதார மதிப்பு என்ன' என்று தனியாக ஒரு ஆய்வறிக்கை காட்ட வேண்டியதில்லை. மாதாமாதம் லாரிக்குக் கொடுக்கும் ரசீதே போதும்.

பறவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் வழக்கமாகச் சொல்வதைப் போல் அல்ல. பருவத்தில் இங்கே பூநாரைகள் கூட்டமாக நிற்பதும், பின்னணியில் குப்பைமேடு தெரிவதும் பத்திரிகைகளுக்குப் பிடித்த படம். 'பார், இன்னும் பறவைகள் வருகின்றன, எல்லாம் நலமே' என்று அதைக் காட்டி வாதிடுபவர்களும் உண்டு. பூநாரையும் உள்ளான்களும் கணுக்கால் ஆழத் தண்ணீரில், சேற்றைக் கிளறி மேய்பவை. ஆண்டு முழுவதும் கழிவுநீர் வந்து நிறைந்துகொண்டே இருந்தால் அந்தக் கணுக்கால் ஆழம் கிடைக்காது. கோடையில் காய வேண்டிய சேறு காயாது. சம்பு என்ற உயரமான நீர்ப்புல் காடாக அடர்ந்து திறந்தவெளியை விழுங்கும். சதுப்புக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ அதே அளவு தண்ணீர் இல்லாத மாதங்களும் முக்கியம். எப்போதும் நிறைந்திருக்கும் பள்ளிக்கரணை பார்வைக்கு அழகாக இருக்கலாம், ஆனால் அது நோய்க்குறி. மழைக்கு முன்பே நிறைந்திருக்கும் சதுப்பில் வெள்ளத்துக்கு இடமும் இருக்காது என்பதை முதல் பத்தியின் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

இப்போது நடப்பது

பெருங்குடி குப்பைமேட்டை அகழ்ந்து பிரித்து அகற்றும் பயோமைனிங் வேலை சில ஆண்டுகளாக நடக்கிறது. நடுவில், 2022 ஏப்ரல் இறுதியில், மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்து சுற்றுவட்டாரத்தைத் திணறடித்தது. குப்பை போன இடத்தில் என்ன வரப்போகிறது என்பதுதான் இனிக் கேள்வி. அந்த நிலத்தைச் சதுப்போடு சேர்த்து நீர் பரவ விட வேண்டும் என்று சூழலியலாளர்கள் கேட்கிறார்கள். நானும் அந்தக் கட்சி. பூங்கா, நடைபாதை, நீரூற்று என்று போட்டால் குப்பை போய் சிமெண்ட் வந்ததாகத்தான் ஆகும்.

மேல்பாதியில் நம்பிக்கை தரும் வேலை ஒன்று நடந்தது: செம்பாக்கம் ஏரி. நேச்சர் கன்சர்வன்சியும் கேர் எர்த் அறக்கட்டளையும் சேர்ந்து அதைச் சீரமைக்க எடுத்துக்கொண்டபோது சங்கிலியின் மேற்கண்ணியைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. அங்கே சேர்கிற சாக்கடை அடுத்தடுத்த மூன்று ஏரிகளையும் தாண்டிப் பள்ளிக்கரணைக்கு வந்துசேரும். ஒரு ஏரியை மட்டும் சுத்தம் செய்து என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானதே. வரத்துக்கால்வாயில் வீட்டுக் கழிவுநீர் கலப்பது நிற்காதவரை ஏரியைத் தூர்வாருவது திரும்பத் திரும்பச் செய்யும் செலவுதான். பாதாளச் சாக்கடை இல்லாத புறநகருக்கு முதலில் அது வர வேண்டும். ஈரநிலப் பாதுகாப்பு நிதியில் அதைச் சேர்க்க நமது கோப்புகளுக்குத் தோன்றுவதில்லை.

2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்பின் 'தாக்க மண்டலம்', அதாவது அங்கே நடப்பது சதுப்பைப் பாதிக்கும் சுற்றுப்பரப்பு, வரையறுக்கப்படும் வரை ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதி தரக்கூடாது என்றது. ரியல் எஸ்டேட் தரப்பு அதிர்ந்தது. ஏற்கெனவே கடன் வாங்கி வீடு கட்டத் தொடங்கிய சாதாரணக் குடும்பங்களும் அதில் மாட்டிக்கொண்டன, அவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இந்த ஒரு கிலோமீட்டர் தற்காலிகத் தடுப்புக் கோடு. தண்ணீரின் பாதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எல்லையை ஒட்டிய மேட்டுநிலத்தில் தனி வீடு கட்டுபவரை இது நிறுத்தும். ஐந்து கிலோமீட்டர் மேலே வரத்துக்கால்வாயை மூடிச் சாலை போடுபவரை நிறுத்தாது. தாக்க மண்டலம் என்று ஒன்றை உண்மையாகவே வரைந்தால் அது வட்டமாக வராது. ஏரிச் சரங்களின் வழியே மேற்கிலும் தெற்கிலும் விரல் விரலாக நீளும், கிழக்கே ஒக்கியம் மடுவிலிருந்து முட்டுக்காடு வரை ஒல்லியாக இறங்கும், சில இடங்களில் எல்லையை ஒட்டியிருக்கும் மேட்டை விட்டுவிடவும் செய்யும். அப்படி வரைந்தால் பாதிக்கப்படும் வீடுகள்கூடக் குறையலாம்.

அந்த வரைபடம் வரும் வரை இந்தப் பக்கம் மனையோ அடுக்ககமோ வாங்குபவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. வில்லங்கச் சான்றிதழும் சி.எம்.டி.ஏ. ஒப்புதலும் நிலத்தின் சட்டநிலையைச் சொல்லும், நீரின் நிலையைச் சொல்லாது. அந்தப் புல எண்ணுக்கான 'அ' பதிவேட்டு நகலை வருவாய்த் துறை இணையதளத்தில் பாருங்கள். கூடவே புலப்படத்தையும் கிராம வரைபடத்தையும் எடுங்கள். உங்கள் எண்ணை மட்டும் பார்க்காமல் சுற்றியுள்ள எண்களையும் சேர்த்துப் பாருங்கள். கழுவெளி, ஏரி உள்வாய், வாய்க்கால் புறம்போக்கு, ஓடை, மேய்க்கால், அனாதீனம் என்று எங்கே வருகிறதோ அங்கே விரலை வைத்து, மேலே எந்த ஏரியின் கலங்கலிலிருந்து இந்தப் பக்கம் நீர் இறங்குகிறது என்று தொடர்ந்து போங்கள். அதன் பிறகு நவம்பர் கடைசியில் ஒருமுறை நேரில் போய், அந்தத் தெருவில் பத்து ஆண்டுகளாகக் கடை வைத்திருப்பவரிடம் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று கேளுங்கள்.